சீசன் நேரத்தில் இடி கேட்டவள்

சிவகாசியில் சீசன் நேரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாது. இதை என் மகளிடம் எவ்வளவோ எடுத்துச் சொல்லியாயிற்று, கேட்டால்தானே? சித்திரை வைகாசியில் வந்தால் என்ன குறைந்துபோகும்? பள்ளிக்கூடமும் கிடையாது, வேலையும் மந்தம். நானும் அவள் அப்பாவும் மாறி மாறி மடியில் போட்டுக்கொண்டு கொஞ்சலாம். அப்போதெல்லாம் மகாராணி கல்லுக்குண்டாட்டம் திரிவாள். ஆவணி பிறக்கும். பட்டாசுக் கம்பெனிகளில் தீபாவளிக்கு லோடு ஏற்ற ஆரம்பிப்பார்கள், பிரஸ்களில் அடுத்த வருஷக் காலண்டருக்கு ஆர்டர் வந்து குவியும். சரியாக அப்போது பார்த்து அவளுக்கு மூக்கு ஒழுகும்.

அவள் அப்பா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிறவர். இருட்டோடு எழுந்து போய்விடுவார். நான் ஊருக்குள் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் காலண்டர் பக்கம் போடுகிறவள். தேதி, கிழமை, ராகுகாலம், முகூர்த்த நாள், எல்லாம் என் கையால்தான் வரும். நான் போட்ட நாளில்தான் நீங்கள் எல்லாம் கல்யாணமே பண்ணுகிறீர்கள் என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன். அவர், "ஆமா, நம்ம கல்யாணத்துக்கும் நீயே ஒரு நல்ல நாளாப் பாத்துப் போட்டிருக்கலாம்" என்பார். அந்த மாதிரி ஆள்.

பிரஸ் வேலை எனக்குச் சும்மா கிடைத்தது இல்லை. பேப்பர் எண்ணி அடுக்குகிற பெண்ணாகத்தான் சேர்ந்தேன். சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கம்ப்யூட்டர்காரர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துப் படித்தேன். அந்த வருஷம்தான் முதலாளி ஒரு பெரிய ஆர்டரை முழுசாக என்னை நம்பிக் கொடுத்திருந்தார். மதுரையில் ஒரு ஜவுளிக்கடை. கடைக்காரர் நேரில் வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மெஷினில் ஏற்றுவார்கள். அவர் வருகிற தேதி பதினெட்டு. அந்தத் தேதியை நினைத்தாலே எனக்குப் பயமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும்.

அந்த வாரம் பார்த்து மகளுக்குத் தக்காளிக் காய்ச்சல் வந்தது. நாலு வயசு முடியவில்லை. உள்ளங்கையிலும் பாதத்திலும் வாயைச் சுற்றியும் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒட்டிக்கொள்ளும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக்கூடாது என்றார் டாக்டர். வாய் எரிச்சலுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது கொடுக்கலாம் என்று போகிற போக்கில் சொல்லிவைத்தார். அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் என் மகள். "டாக்டர் மாமா குச்சி ஐஸ் தின்னச் சொல்லிருக்காக" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். கீழ்வீட்டு அக்காவோ, இது காய்ச்சல் இல்லை, அம்மைதான் என்று தீர்ப்புச் சொல்லி எங்கள் வாசலில் வேப்பிலை செருகினார். நாங்கள் இரண்டு கட்சிக்கும் பொதுவாக இருந்தோம். டாக்டர் கொடுத்த மருந்தும் கொடுத்தோம், வீட்டில் தாளிப்பதையும் நிறுத்தினோம்.

யார் வீட்டில் இருப்பது என்பதுதான் பிரச்சினை. என் அம்மா திருப்பூரில் தம்பி வீட்டோடு இருக்கிறாள். என் வீட்டுக்காரர் பக்கம் வரக்கூடிய ஆள் இல்லை. கீழ்வீட்டு அக்கா தங்கமான மனுஷி, ஆனால் அவர் மகள் பிரசவத்துக்கு வந்து பச்சைப்பிள்ளையோடு இருந்தாள். அங்கே விட முடியாது. மற்ற வீடுகளில் காலையிலேயே பூட்டுத் தொங்கும். சீசனில் எங்கள் நாரணாபுரம் ரோட்டில் ஒரு வாய் தண்ணீர் கேட்டால் கொடுக்க வீட்டில் ஆள் இருக்காது.

சாயந்தரம் காப்பி குடித்துக்கொண்டே பேசி முடிவெடுத்தோம். அடுப்படிச் சுவரில் தொங்கின காலண்டரைப் பார்த்து நான்தான் பங்கு பிரித்தேன்.

"வியாழக்கிழமை நான் பாத்துக்கிடுறேன். பதினெட்டு வெள்ளிக்கிழமை வருது, மதுரைக்காரக வார நாளு. வெள்ளிக்கிழமை நீங்க லீவு போடுங்க."

"வெள்ளிக்கிழமையா? லோடு ஏத்துற நாளு புள்ள. போர்மேன் கொதிப்பாரு."

"போர்மேன் கொதிச்சா கொதிச்சுட்டுப் போறாரு. இங்கன பிள்ளைக்கு மேலு கொதிக்குது."

அவர் மறுநாள் போய்ப் போர்மேனிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமைக்கு லீவும் வாங்கிவந்துவிட்டார். என்ன கெட்டிக்காரத்தனமாகப் பிரித்தேன் என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு.

வியாழக்கிழமை விடிந்தது. அவர் வழக்கம்போல் இருட்டோடு போய்விட்டார். நான் மகளை நடுவீட்டில் பாயில் கிடத்தி, வாயில் ஒரு குச்சி ஐஸைக் கொடுத்துவிட்டு, ஆற அமரக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முதலாளியிடம் இருந்து போன் வந்தது.

"எங்கம்மா இருக்க?"

"வீட்லதான் அண்ணாச்சி. பிள்ளைக்கு மேலுக்கு முடியல, இன்னைக்கு லீவுன்னு சொல்லிருந்தேன்ல. மதுரைக்காரக நாளைக்குத்தான வாராக?"

"நாளைக்கா? இன்னைக்கு என்ன தேதி?"

"பதினேழு."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தேன். பார்த்த இடத்தில் தேதி இருந்தது. பதினெட்டு.

"காலண்டர் போடுற பொம்பளைக்கு இன்னைக்குத் தேதி தெரியல," என்றார் முதலாளி. "இதை நான் வெளிய யார்கிட்டயாவது சொல்ல முடியுமா? மதுரையில காரு கெளம்பிருச்சு. மத்தியானத்துக்குள்ள வந்துருவாக. அந்த பைல் ஒனக்குத்தான் தெரியும். நீ வரலைன்னா நாளைக்கும் வர வேண்டாம், எப்பவுமே வர வேண்டாம்."

"பிள்ளைய அங்கன தூக்கிட்டு வரட்டா அண்ணாச்சி?"

"ஏ தாயி! இங்கன நாலு பேரு பச்சைப்பிள்ளைக்காரிக. ஒட்டிக்கிட்டா பிரஸ்ஸை நான் ஒருத்தனா ஓட்டவா?"

போனை வைத்துவிட்டு அடுப்படிச் சுவரைப் பார்த்தேன். அதில் தொங்கினது அடுத்த வருஷக் காலண்டர்! பிரஸ்ஸில் இருந்து சாம்பிளுக்கு நான் கொண்டுவந்தது. அதை ஆணியில் மாட்டினது யார்? அவர்தான். அந்த மாதத்துப் படத்தில் இருக்கிற வெண்ணெய்க் கண்ணனைப் பார்த்தால் எங்கள் மகள் மாதிரியே இருக்கிறதாம். இந்த வருஷத்தைக் கழற்றி அரிசி டிரம்முக்கு மூடியாகப் போட்டுவிட்டு அடுத்த வருஷத்தை மாட்டியிருக்கிறார் மனுஷன். அடுத்த வருஷம் பதினெட்டு வெள்ளிக்கிழமை. இந்த வருஷம் பதினெட்டு வியாழக்கிழமை. போனில் தேதி பார்க்கத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நாள் முழுக்கத் தேதி அடிக்கிறவள் வீட்டுக்கு வந்தும் தேதி பார்ப்பாளா? அல்வாக் கடைக்காரர் வீட்டுக்கு வந்து அல்வாவா தின்பார்? பிரஸ்ஸில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் இந்தக் கோளாறு உண்டு. ஆடி பிறந்ததுமே மனசு அடுத்த வருஷத்தில் குடியேறிவிடும்.

அவருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக்கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மகளைத் தூக்கி ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தினேன்.

"எங்கம்மா போறோம்?"

"அப்பா கம்பெனிக்கு."

"வெடி தருவாகளா?"

"மொதல்ல ஒங்கப்பாவத் தரட்டும்."

கம்பெனி ஊரைத் தாண்டிப் பொட்டல்காட்டில் இருந்தது. வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். கண்ணனை மாட்டினாராம் கண்ணனை! கேட் முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினதுதான் தாமதம், வாட்ச்மேன் பாம்பைக் கண்டவர் மாதிரி துள்ளி எழுந்தார்.

"ஏ தாயி, தாயி! பிள்ளையத் தூக்கிட்டு இங்கன எதுக்கு வாரீக? போங்க, அங்குட்டுப் போங்க!"

"அண்ணே, இவுக அப்பா உள்ள கலவை ரூம்ல இருக்காக. பிள்ளைய அவுக கையில குடுத்துட்டுப் போயிருறேன். ஒரே நிமிசம்."

"ஒரு நிமிசமும் கெடையாது. சின்னப்பிள்ளை ஒண்ணு கேட் பக்கம் நின்னுச்சுன்னு ஆபீசர் கண்ணுல பட்டா கம்பெனிக்குப் பூட்டுத்தான். வேலைக்கு வந்த பிள்ளைன்னு எழுதிட்டாம்னா?"

"இவளா? இவ ஒரு இட்லியத் தின்னவே ஊரைக் கூட்டுவா அண்ணே. இவ எங்குட்டு வேலைக்கு வர?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும், ஆபீசருக்குத் தெரியுமா?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்கிற சட்டத்தால்தான் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவரையாவது வெளியே கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். கலவை ரூமுக்குள் கலக்கிறவர்களைத் தவிர வேறு யாரும் கால் வைக்கக்கூடாதாம். போர்மேனிடம்தான் சொல்ல வேண்டும், அவரோ நாளைய லோடுக்குச் சரக்குப் பார்க்கக் கடைசி ஷெட்டுக்குப் போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறேன் என்றார். சந்தேகத்துக்கு நான் இன்னொரு தடவை போன் போட்டுப் பார்த்தேன். வாட்ச்மேன் முதுகுக்குப் பின்னால் பலகைத் தட்டில் வரிசையாக இருந்த போன்களில் ஒன்று துள்ளித் துள்ளி அடித்தது. அதில் என் போட்டோவே சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போட்டோவை ஒரு அறை விடலாம்போல் இருந்தது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட பஸ் ஸ்டாப் இருந்தது. மகளை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தேன். மேல் சூடு கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. தண்ணீர் கொடுத்தால் வாய் எரிகிறது என்று தள்ளினாள். மதுரைக் கார் இந்நேரம் எங்கே வந்திருக்குமோ! விருதுநகரைத் தாண்டியிருக்குமோ? நான் போகவில்லை என்றால் அந்தப் பைலை யாராவது தப்பும் தவறுமாகத் திறந்து, அவ்வளவு பக்கத்தையும் குலைத்துவைப்பார்கள். மறுபடியும் பேப்பர் எண்ணப் போகவேண்டியதுதான், அதற்கும் முதலாளி கூப்பிட்டால். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை முன்னால் அழக்கூடாது என்று வானத்தைப் பார்த்தேன்.

மேற்கே, ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப் பக்கம், கருகருவென்று கூடிக்கொண்டிருந்தது.

பட்டாசுக் கம்பெனியில் ஒரு முறை உண்டு. இடி இடித்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். போர்மேன் அனுமதியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். சீசன் நேரத்தில் இந்த ஊரில் மழையை யாரும் கேட்கமாட்டார்கள். கட்டின திரி காயாது, கூலி போய்விடும், லோடு நின்றுவிடும். மேகம் கறுத்தாலே வயிற்றெரிச்சலோடு பார்ப்பார்கள். இதெல்லாம் தெரிந்தும் நான் இரண்டு கையையும் கூப்பினேன்.

"மாரியாத்தா, மழைகூட வேண்டாம். ஒரே ஒரு இடி. சின்ன இடியாப் போதும்."

"என்னம்மா கேக்க?" என்றாள் மகள்.

"இடி கேக்கேன். நீயும் கேளு. நீ கேட்டா ஆத்தா தருவா."

அவள் கொப்புளக் கையைக் கூப்பிக்கொண்டு, "ஆத்தா, எனக்குப் பெரிய இடியாக் குடு" என்றாள். எதையுமே சின்னதாக வாங்கிப் பழக்கமில்லை அவளுக்கு.

நம்பினால் நம்புங்கள், கொஞ்ச நேரத்தில் வந்தது. தகரக் கூரை அதிர்கிற மாதிரி ஒரு இடி. மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு வீரிட்டாள், எனக்கோ சிரிப்புப் பொறுக்கவில்லை. கம்பெனிக்குள் மணி அடித்தார்கள். ஒவ்வொரு ஷெட்டில் இருந்தும் பெண்கள் வயர்க்கூடையைத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடிவந்தார்கள். கம்பெனி பஸ் வரும்வரை நிற்க அந்த ஒரு பஸ் ஸ்டாப்தான். எல்லாரும் எங்களிடம்தான் வந்தார்கள்.

"பாழாப்போன இடி! பாதிக் கூலி போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டு வந்தார் ஒரு பெரியம்மா. கூட்டத்தில் அவருக்குத்தான் வாய் ஜாஸ்தி என்று பார்த்ததும் தெரிந்தது. "எந்த மகராசி கும்பிட்டாளோ!"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகள் சும்மா இருப்பாளா?

"எங்கம்மாதான் கும்பிட்டாக! நானும் கும்பிட்டேன்! ஆத்தா எனக்குத்தான் பெருசாக் குடுத்துச்சு!"

அத்தனை பேரும் திரும்பினார்கள். எனக்கு அந்த இடியே தலையில் விழுந்திருக்கலாம்போல் இருந்தது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். காலண்டர், மதுரைக்காரர், வெண்ணெய்க் கண்ணன், ஒன்றுவிடாமல். சொல்லி முடிக்கும்வரை பெரியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அடிப் பாவி மகளே! காலண்டர் பாக்கத் தெரியாம எங்க கூலியில கைய வச்சிட்டியே!" என்றார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். "புருசனைப் பாக்க இடிய விட்டுக் கூப்பிட்ட ஒருத்திய இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றது ஒரு குரல். "எம் புருசனுக்குப் பத்து இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான்" என்றது இன்னொன்று.

எல்லாருக்கும் மகளைத் தூக்கவேண்டும்போல் இருந்திருக்கிறது. ஆனால் ஒருத்தர்கூடத் தொடவில்லை. முழங்கை வரைக்கும் மருந்துத் தூள் அப்பி வெள்ளி மாதிரி மின்னுகிற கைகள். கழுவ நேரமில்லாமல் ஓடிவந்திருந்தார்கள். கையை எல்லாம் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து, "தங்கம், வலிக்குதா? எங்கன வலிக்குது?" என்று வாயால் மட்டும் கொஞ்சினார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருக்கும்.

கடைசியாக அவர் வந்தார். தலைமுடியில் இருந்து கால்வரை வெள்ளி. எங்களைப் பார்த்ததும் ஓட்டமாக ஓடிவந்தார். "என்னாச்சு புள்ள? பிள்ளைக்கு என்ன?"

"அப்பா, தூக்கு!" என்று மகள் இரண்டு கையையும் நீட்டினாள்.

அவர் கையை நீட்டப்போனவர், அப்படியே நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். கொப்புளம் உடைந்த பிள்ளை, அவருக்கோ உடம்பெல்லாம் வெடிமருந்து. எப்படித் தூக்குவார்? இவள் விடாமல் நீட்டினாள், உதடு பிதுங்கியது. அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், வழி நெடுகத் திட்டினதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

அந்த நேரம் மழை பிடித்தது. கூரை மூலையில் இருந்து தண்ணீர் கயிறு மாதிரி கொட்டியது. "என்னலே வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்க? குளிலே!" என்று ஒரு அதட்டல் போட்டார் பெரியம்மா. இந்தத் தூள் வெறும் தண்ணீரில் போகாது. எண்ணெய் போட்டுத் தேய்த்து, பிறகு சோப்புப் போட வேண்டும். நாலைந்து வயர்க்கூடைகளில் இருந்து தேங்காய் எண்ணெயும் சோப்பும் வந்தன. அவர் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தத் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்தார். "காதுக்குப் பின்னால விட்டுட்ட," "பிடரியத் தேயிலே," என்று ஆளாளுக்கு ஏவினார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கிற மாதிரி இருந்தது. மகள் அழ வந்ததை மறந்து கைகொட்டிச் சிரித்தாள். "அப்பா, சோப்பு கண்ணுல போயிருச்சா? அழக்கூடாது, நல்ல பிள்ளைல்ல" என்றாள். நான் அவளுக்குச் சொல்வதை அவள் அவருக்குச் சொன்னாள்.

பையில் இருந்த மாற்று வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து அவளைத் தூக்கினார். ஒரே தாவலில் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மழை கொஞ்சம் விட்டதும் பைக்கில் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

"நீ கெளம்பு. மதுரைக்காரன் வந்துருவான்."

காலையில் இருந்து இதற்குத்தானே தவம் கிடந்தேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். நான் எங்கே கிளம்பினாலும் காலைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுகிறவள், அவர் தோளில் இருந்து ஒரு கையை மட்டும் ஆட்டினாள். "நீ போ. நான் அப்பாகூட இருப்பேன்." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கால் நகரவில்லை.

"போயேம்மா, ஒன்னய இங்கன யாரு தேடுறா?" என்றார் பெரியம்மா.

பிரஸ்ஸுக்குப் போய்ச்சேரும்போது மதுரைக்காரர் வந்து உட்கார்ந்து, முதலாளி அவருக்கு இரண்டாவது காப்பி வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சொட்டச் சொட்ட வந்து நின்ற என்னை முதலாளி ஏற இறங்கப் பார்த்தார். திட்ட வாயெடுத்தவர், "பிள்ளைய யாரு பாக்கா?" என்றார். "அவுக அப்பா, அண்ணாச்சி," என்றேன். "மொதல்ல தலையத் தொவட்டு," என்று துண்டை எடுத்துக் கொடுத்தார்.

மதுரைக்காரருக்கு எல்லாம் பிடித்திருந்தது, ஒன்றைத் தவிர. சாமியைவிடக் கடைப் பெயர் பெரிதாக வரவேண்டும். நான் முருகனை ஒரு பக்கமாக ஒதுக்கி, மயிலைக் கொஞ்சம் சுருக்கி, கடையைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பக்கம் பக்கமாக மாற்றவேண்டியிருந்தது. நடுவில் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"எப்படி இருக்கா?"

"நல்லாருக்கா. கஞ்சி குடிச்சா."

"அழுதாளா?"

"அழவே இல்ல. நீ வேலையப் பாரு," என்று சட்டென்று வைத்துவிட்டார்.

இன்னும் ஒரு தடவை போட்டேன், அதே பதில்தான். சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குச் சுருக்கென்றது. பெற்றவளை ஒரு தடவைகூடவா தேட மாட்டாள்? அந்தக் கோபத்தில் வேலை வேகமாக ஓடியது. சாயந்தரம் மதுரைக்காரர் எல்லாப் பக்கமும் சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். முதல் ஷீட் மெஷினில் இருந்து ஈரத்தோடு வந்ததும், முதலாளி அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "இனிமே அவுக ஆர்டர் என்ன வந்தாலும் நீயே பாத்துக்க," என்றார்.

வீட்டு மாடிப்படியில் கால் வைக்கும்போது கீழ்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டியா தாயி? ஒம் மக மத்தியானத்துல இருந்து அம்மா அம்மான்னு ஒரே அழுகை. பாவம், ஒம் புருசன் தோள்ல போட்டுக்கிட்டு நடந்த நடை! அவளுக்கு ஒரு போனப் போடப்பான்னேன். கேக்கவே இல்ல."

இரண்டிரண்டு படியாக ஏறினேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், அவர் நெஞ்சில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவர் தனக்குப் போட்ட சோறு தொடாமல் இருந்தது.

"போன்ல கேட்டேன்ல, ஏன் சொல்லல?"

"சொன்னா வந்துருப்ப."

"வந்துதான் இருப்பேன்! பிள்ளை அழுகுதுன்னா வராம?"

"அதான் சொல்லல," என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "நான் மட்டுமா மறைச்சேன்? அம்மா வேலையா இருக்கா, அழுகைச் சத்தம் கேட்டா ஓடி வந்துருவான்னு இவகிட்ட சொன்னேன். நீ போன் போட்டப்பல்லாம், நீ வைக்கிற வரைக்கும் ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிட்டு இருந்தா" என்றார்.

அந்தக் கொப்புளக் கையால், அந்தக் கொப்புள வாயை. நான் தரையில் உட்கார்ந்தேன். அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்தது எல்லாம் சத்தமாக வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் மகள் விழித்துக்கொண்டாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் அழவே இல்லம்மா," என்றாள். "அப்பாகிட்ட வேணும்னா கேளு."

"ஆமா, அவ அழவே இல்ல," என்றார் அவர்.

ஆகக்கூடி, அன்றைக்கு எங்கள் வீட்டில் அழுதது நான் ஒருத்திதான்.